உள்ளிருந்து தாழிடும் கதவு

சந்திரிகாவுக்குக் கதவு கிடையாது. தியாகராய நகரில், நடேசன் பூங்காவிலிருந்து சற்றுத் தள்ளி, எங்கள் குடியிருப்புக்கு நேர் எதிரே நிற்கும் மூன்று மாடிக் கட்டடம் அவருடைய புகுந்த வீடு. கீழ்த்தளத்தில் பாத்திரக்கடை, அதற்கு மேல் சரக்கறை, அதற்கும் மேல் குடும்பம். எல்லாத் தளங்களிலும் கதவுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் அவர் அடைத்துக்கொள்வதற்கு உரியதாக இல்லை.

கணவர் ஆனந்தகுமார் இருந்த காலத்தில் அவர்களுக்கென்று ஓர் அறை இருந்தது. அவர் மறைந்த மறு ஆண்டு, கொழுந்தனார் சக்திவேலின் மகள் நிலா பத்தாம் வகுப்புக்கு வந்தாள். அவள் படிக்க இடம் வேண்டியிருந்தது. சந்திரிகாவை யாரும் வெளியேறச் சொல்லவில்லை. அவரே தம் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. நாற்பது வயதைக் கடந்தபின், புடைவை மாற்றவும் தலை வாரவும் கண்ணீர் விடவும் அவருக்குக் குளியலறை ஒன்றே எஞ்சியது. அங்கும், "மதினி, ரொம்ப நேரமாகுமா?" என்று யாரேனும் வந்து நிற்பார்கள். அந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர். அவர் சாப்பிடாமல் அவர்கள் சாப்பிட்டதில்லை. அவரைக் கேளாமல் ஒரு திருமணத்துக்கும் மொய் எழுதியதில்லை. நாள் முழுவதும் அவரை யாராவது அன்போடு தேடிக்கொண்டே இருந்தார்கள். துன்பம் அதுதான்.

கடையின் பின்கட்டில் பொருள்களைக் கட்டி அனுப்பும் பொறுப்பு அவருடையது. சாத்தான்குளம், நாங்குநேரி, உடன்குடி என்று அவர்களுடைய சொந்தச் சீமைக்குப் போகும் சீர்வரிசைப் பாத்திரங்கள் யாவும் அவர் கைப்பட்டே லாரி ஏறும். அண்டாவுக்குள் குடம், குடத்துக்குள் செம்பு, இடையிடையே காகிதச் சுருள், ஓரங்களில் வைக்கோல். கட்டி முடித்தபின் பெட்டியை இருபுறமும் பிடித்து ஆட்டுவார். சத்தம் வந்தால் பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து கட்டுவார். குடங்களை வெறுமையாக அனுப்பும் வழக்கம் அக்குடும்பத்தில் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டு மஞ்சளும் இட்டபிறகுதான் மூடுவார்.

கடைக்கு இணையதளம் அமைத்தபோது, பாத்திரங்களைப் படமெடுக்க அடையாற்றிலிருந்து லாவண்யா என்னும் இளம்பெண் வந்தார். பளபளக்கும் எவர்சில்வரைப் படமெடுப்பது எளிதன்று.

"அக்கா, இந்த வெள்ளைத் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறீங்களா? எந்த அண்டாவ எடுத்தாலும் அதுல என் மூஞ்சிதான் தெரியுது. அப்புறம் என்னையும் சேர்த்து வித்துடப் போறாங்க."

சந்திரிகா சிரித்தார், துணியைப் பிடித்தார், மாலைவரையில் பிடித்தார். போகும்போது லாவண்யா, தம் வீட்டில் ஃபிலிம் படங்களை இருட்டறையில் கழுவக் கற்றுக்கொடுப்பதாகவும், தரமணியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஞாயிறுதோறும் வருவதாகவும் சொல்லி, "நீங்களும் ஒருநாள் வாங்கக்கா" என்று அழைத்தார். அழைப்பை மதிக்க வேண்டுமே என்றுதான் சந்திரிகா போனார்.

அன்று நடந்ததை அவர் என் வீட்டுச் சமையலறையில் நின்றபடி விவரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிவப்பு விளக்கைப் பற்றியோ, மருந்துத் தண்ணீரில் வெள்ளைத்தாள் மெல்ல மெல்ல முகமாக மாறியதைப் பற்றியோ அவர் அதிகம் பேசவில்லை.

"யாரோ கதவத் தட்டினாகம்மா. லாவண்யா உள்ள இருந்துக்கிட்டே, 'இப்பத் திறக்க முடியாது, பேப்பர் வெளிய இருக்கு'ன்னா. அவ்வளவுதான். தட்டினவுக போயிட்டாக."

மீண்டும் சொன்னார்: "ஒரு வார்த்த கேக்கல. போயிட்டாக."

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அடையாறு பேருந்தில் ஏறத் தொடங்கினார். ஆனந்தகுமார் விட்டுச்சென்ற கேமரா ஒன்று இருந்தது. கடைவீதி, பூங்காவில் நடப்போர், மொட்டைமாடியில் காயும் வடாம் என்று கண்ணில் பட்டவற்றை எடுத்தார், தாமே கழுவினார். படங்கள் சுமாராகத்தான் இருந்தன. அதை அவரே சொல்வார். ஒளி பட்டால் தாள் கெட்டுவிடும் என்ற ஒரு காரணம், உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளும் உரிமையை அவருக்குத் தந்தது. அந்த உரிமைக்காக அவர் வாரம் முழுவதும் காத்திருந்தார்.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. பிறகு, லாவண்யா குடியிருந்த வீட்டை இடித்து அடுக்ககம் கட்டப் போவதாக உரிமையாளர் அறிவித்தார். லாவண்யா புனேவுக்குக் குடிபெயரத் தீர்மானித்தார். படம் கழுவும் தட்டுகளையும் சிவப்பு விளக்கையும் சந்திரிகாவுக்கே கொடுத்துவிட்டார். ஆனால், நெகட்டிவிலுள்ள சிறு உருவத்தைப் பெரிதாக்கித் தாளின்மேல் விழச் செய்யும் என்லார்ஜர் என்ற கருவி, நண்பர் ஒருவருடையது. அதைக் கொடுக்க இயலவில்லை. அஃது இல்லாவிட்டால் இருட்டறை வெறும் இருட்டுதான்.

சந்திரிகாவின் கண் அப்போதுதான் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், பழைய அட்டைப்பெட்டிகள் கிடந்த சிறிய அறையின்மேல் விழுந்தது. அவர் வாய்திறந்து எதையும் கேட்டு வாங்கியவர் அல்லர். ஆகவே, இரவு உணவின்போது அவர் அதைக் கேட்டவுடன் எல்லாருடைய கையும் ஒரு நொடி நின்றது.

சக்திவேலின் மனைவி ஜானுதான் முதலில் பேசினார்.

"இருட்டுல ஒத்தையா உக்காந்து என்னக்கா செய்யப் போறீக? கரண்டு போனா நாங்க எல்லாரும் அதத்தான செய்யுதோம்!"

நிலா புரையேறச் சிரித்தாள். சந்திரிகாவும் சிரித்தார். சக்திவேல் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி, நீங்க கேட்டு நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு வந்தா எனக்கு எடமில்ல. போன வருசம் படிக்கட்டுலல்லாம் அண்டாவ அடுக்கி, வந்தவக அத்தன பேரும் முட்டில இடிச்சுக்கிட்டாக. ஒண்ணு செய்வோம். ஆனி முடியதுக்குள்ள உங்க மெஷினு வந்து, நீங்க ஒரு படம் போட்டு எங்கிட்டக் காமிச்சிருங்க. அப்புறம் நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். சரக்குக்கு வேற எடம் பாத்துக்கிடுதேன். வரலன்னா, சரக்கு அங்கதான் ஏறும். பொறவு என்ன வையக் கூடாது."

நேர்மையான பேச்சுதான். ஆடி பிறந்துவிட்டால் அவ்வீட்டில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள் என்பதும் சந்திரிகாவுக்குத் தெரியும். அவர் சம்மதித்தார். மறுநாளே அறையைப் பெருக்கிக் கழுவினார். சன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தார். தச்சரை அழைத்துக் கதவின் உட்புறத்தில் புதிய பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தினார். அந்தத் தாழ்ப்பாளை என்னிடம் ஒரு நகையைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

என்லார்ஜரை இணையத்தில் தேடினார்கள். லாவண்யா புனேவிலிருந்தபடியே விளம்பரங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். கொல்கத்தாவில் ஒன்று துருப்பிடித்திருந்தது. தில்லியில் ஒன்று பார்ப்பதற்குள் விற்றுப்போயிற்று. கடைசியில், திருநெல்வேலிச் சீமையின் திசையன்விளையிலிருந்தே ஒன்று கிடைத்தது. வெள்ளைத்துரை என்பவர் அங்கே ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் காலமானபின் சும்மா கிடந்த கருவியை, அவர் மனைவி தங்கபுஷ்பம் சொல்ல, கணவரின் அக்காள் மகன் ஒருவர் இணையத்தில் விற்பனைக்கு இட்டிருந்தார்.

"வாங்குறது ஈஸிக்கா. முழுசா வந்து சேர்றதுதான் கஷ்டம்" என்று லாவண்யா எச்சரித்தார். "எனக்கு ஒருதடவ ஒண்ணு வந்தது. தலைய இறக்காமலே லாரில ஏத்திட்டாங்க. தண்டு வளைஞ்சு, லென்ஸ் உடைஞ்சு, திறந்தா பல்லு போன கிழவன் மாதிரி இருந்தது."

சந்திரிகா அதைக் கேட்டு அஞ்சவில்லை. மாறாக, அன்றுதான் அவர் முகத்தில் உறுதி தோன்றியது. பொருளைப் பழுதில்லாமல் ஊர் சேர்ப்பது அவர் அன்றாடம் செய்யும் வேலை.

அக்காள் மகனை வீடியோ அழைப்பில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தம் கண்முன்னே செய்யவைத்தார். கருவியின் தலையைத் தண்டின் அடிவரை இறக்கித் திருகை இறுக்கச் சொன்னார். பல்பைக் கழற்றித் தனியே சுற்றச் சொன்னார். கீழே இருக்கும் லென்ஸையும், தலைக்குள் விளக்கொளியைக் குவித்து அனுப்பும் இரண்டு தடித்த கண்ணாடி வில்லைகளையும் கழற்றியாயிற்று. அவற்றை எதில் வைப்பது என்பதில் சிறு வாக்குவாதம் நடந்தது.

"தெர்மாகோல் பெட்டி இருக்குக்கா. டிவி வந்த பெட்டி."

"அது வேண்டாம் தம்பி. லாரில அரைபட்டு மணிமணியா உதிரும், கண்ணாடில ஒட்டிக்கிடும். வீட்டுல எவர்சில்வர் சம்படம் இருக்கா? மூடி இறுக்கமா இருக்கணும்."

"பலகாரம் போடுத சம்படம் இருக்கு. அத்த அடிப்பாக."

"அத்தட்ட நான் சொல்லுதேன். ரெண்டு பழைய நூல் சேலையும் கேளுங்க. பட்டு வேண்டாம், வழுக்கும்."

ஒவ்வொரு கண்ணாடிக்கும் தனித்தனியே துணி, அடியில் ஒரு சேலை, மேலே ஒரு சேலை, சம்படத்தின் மூடி, அதைச் சுற்றி வைக்கோல், பிறகு மரப்பெட்டி. எல்லாம் முடிந்தபின், "இப்பப் பெட்டிய ஆட்டுங்க. போன கிட்ட வச்சு ஆட்டுங்க" என்றார். ஆட்டினார்கள். சத்தமே இல்லை. ஆணி மட்டும் அடிக்க வேண்டியிருந்தது. அதை மறுநாள் லாரிக்காரர் வந்து அடித்துக்கொள்வார் என்று அக்காள் மகன் சொல்லிவிட்டு, நாகர்கோவிலில் தாம் பார்க்கும் வேலைக்குத் திரும்பினார்.

மாலையில் தங்கபுஷ்பமே பேசினார்.

"நீ எந்த ஊருப் பிள்ள தாயி?"

"பொறந்தது பண்டாரஞ்செட்டிவிளைம்மா. வாக்கப்பட்டது மெட்ராசு."

"அப்படியா! நம்ம பிள்ளையா! சந்தோசம். எங்க வீட்டுல அவுக அந்த ரூமுக்குள்ள போயிட்டா நான் தட்டவே மாட்டேன் கேட்டியா. காப்பிய வெளியவே வச்சுட்டு வந்துருவேன். அத்தன வருசமும் அந்தக் கதவுக்கு வெளியதான் நின்னேன். இப்ப ஒரு பொம்பளப் பிள்ள உள்ள நிக்கப் போகுதுன்னு நெனச்சா மனசு குளுருது. வெறும் பெட்டியா அனுப்ப எனக்கு மனசு வரல தாயி."

பெட்டியின்மேல் சந்தனமும் குங்குமமும் இடப் போகிறார் என்று சந்திரிகா எண்ணிக்கொண்டார். பெரியவர் ஒருவர் மனம் நிறைந்து அனுப்பும்போது இன்னது செய்யுங்கள், இன்னது செய்யாதீர்கள் என்று சொல்வது மரியாதையா? "உங்க இஷ்டம்போலச் செய்யுங்கம்மா" என்றார்.

பொருள் உடனே வரவில்லை. திருச்சியில் வேறு லாரிக்கு மாற்றுவதில் தாமதம், பிறகு மழை, பிறகு யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு காரணம். சந்திரிகா நாள்தோறும் தொலைபேசியில் கேட்டார். ஆனி தேய்ந்துகொண்டே போயிற்று. கும்பகோணத்திலிருந்து பித்தளைச் சரக்கு புறப்படும் நாளைச் சக்திவேல் உறுதிசெய்த அன்றுதான், சிந்தாதிரிப்பேட்டைக் கிடங்கில் பார்சல் இறங்கிய செய்தி வந்தது.

கடைக்கு வழக்கமாகச் சரக்கு ஏற்றும் டில்லிபாபுவின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில், சந்திரிகா தாமே போனார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கும் நசுங்கல் இல்லை, மூலைகள் சிதையவில்லை, ஆணிகள் அசையவில்லை. மேலே, எதிர்பார்த்தபடியே, குங்குமம் காய்ந்திருந்தது. நிறைவோடு கையெழுத்திட்டார். இடுப்புயரப் பெட்டியை ஆட்டிப் பார்க்க அந்த நெரிசலில் வழியில்லை.

கூவம் பாலத்தின்மேல் வண்டி ஏறும்போது டில்லிபாபு மூக்கைச் சுளித்தார்.

"யக்கா, பொட்டில இன்னா கீது? ஊறுகாயா?"

"மெஷினு டில்லி. ஏன்?"

"இல்ல, ஒரு மாரி புளிச்ச வாசன வர்து."

"கூவத்துமேல நின்னுக்கிட்டு வாசனைங்கியே!"

"அட இன்னாக்கா நீ, கூவம் வாசன எனக்குத் தெரியாதா? இதோ இந்தக் கரைல தான் பொறந்தேன். எங்க குடிசய இடிச்சி, ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல கொண்டுபோய்த் தள்ளியும் அந்த வாசன என்ன வுட்டுப் போவல. இது வேற. இது சாமி கும்பிட்டு மறந்துபோன வாசன."

சந்திரிகா சிரித்தார். அன்று அவருக்கு எதைக் கேட்டாலும் சிரிப்பு வந்தது.

பெட்டியை மொட்டைமாடியில் ஏற்றி இறக்கிவிட்டு டில்லிபாபு போனபின், சந்திரிகா அறைக் கதவை அடைத்துத் தாழ்ப்பாளைப் போட்டார். அந்த அறையில் அவர் தாழிட்டது அதுவே முதல்முறை.

ஆணிகளைப் பிடுங்கினார். தண்டு வளையவில்லை, பலகையில் கீறல் இல்லை, பல்பு முழுதாக இருந்தது. வைக்கோலை விலக்கிச் சம்படத்தைத் தூக்கினார். அதன் மூடிமேலும் குங்குமம் இருந்தது. அவர் எந்தப் பெட்டிக்கும் செய்வதுபோல, இரு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

சத்தம் வந்தது.

அதன்பிறகும் திறக்காமல், அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். திறந்தபோது, முதலில் அழுகிய வெற்றிலை. அதன்கீழ் மஞ்சள் கிழங்கு, பாக்கு. அவற்றுக்குக் கீழே, குடுமியோடு கூடிய பெரிய தேங்காய் ஒன்று, ஓடு பிளந்து, நீரெல்லாம் வடிந்து, பூசணம் பூத்துக் கிடந்தது. மேலே வைக்கச் சொல்லியிருந்த சேலை அங்கு இல்லை.

நடந்ததை ஊகிக்க அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அவரும் அந்தச் சீமையில் பிறந்தவர்தாமே. ஆணி அடிக்குமுன் தங்கபுஷ்பம் தாம்பூலம் வைத்து அனுப்ப விரும்பியிருக்கிறார். மங்கலப் பொருளை வைக்கோலின்மேல் போட மாட்டார்கள், பாத்திரத்தில்தான் வைப்பார்கள். அப்பெட்டிக்குள் இருந்த ஒரே பாத்திரம், சந்திரிகா வற்புறுத்தி வைக்கச் சொன்ன சம்படம். இடம் போதாமையால் மேற்சேலையை எடுத்துவிட்டார். நல்ல காயாகப் பார்த்து, தண்ணீர் நிறைந்த காயாகப் பார்த்து, கண்ணாடிகளின்மேல் வைத்து மூடிவிட்டார்.

வழியெல்லாம் அந்தக் காய் குதித்திருக்கிறது. இரண்டு வில்லைகளும் பல துண்டுகளாகியிருந்தன. லென்ஸ் உடையவில்லை; ஆனால், புளித்த நீரில் ஊறி, உட்புறமெங்கும் பால்போல் பூசணம் படர்ந்திருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா! மெஷினு வந்துட்டாமே, டில்லி சொன்னான். திறங்க பாப்போம்!" ஜானுவின் குரல்.

சந்திரிகா சம்படத்தின் மூடியைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"இப்பத் திறக்க முடியாது ஜானு. பேப்பர் வெளிய இருக்கு."

"ஐயோ, சரிக்கா, சரிக்கா. நீங்க பாருங்க."

செருப்போசை படியிறங்கிப் போயிற்று. தாள் உறை கீழே, கூடத்து அலமாரியில், பிரிக்கப்படாமல் இருந்தது.

மறுநாள் சம்படத்தைப் பையில் வைத்துக்கொண்டு அவர் இராயப்பேட்டைக்குப் போனார். அங்கே மெஹபூப் பாஷா என்பவர் பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கிறார். ஒரு கண்ணில் அறுவை செய்த கட்டோடு உட்கார்ந்திருந்த அவர், மற்றொரு கண்ணருகே லென்ஸைத் தூக்கிப் பிடித்து, சம்படத்தை முகர்ந்தார்.

"யாரும்மா உள்ள தேங்கா வச்சது? லென்ஸுக்கு நிக்காவா?"

சந்திரிகாவின் முகத்தைப் பார்த்தபின் பாஷாவின் குரல் தணிந்தது.

"கோவிச்சுக்காதம்மா. லென்ஸ் வேற எங்கியாச்சும் கெடைக்கும். இந்தக் குண்டுக் கண்ணாடி இருக்குதே, இந்த மாடலுக்கு அளவா எங்கியும் கெடைக்காது. பால்கண்ணாடி வெட்டி, உள்ள ஒரு தட்டு செஞ்சு உக்காரவெக்கலாம். செய்யலாம். ஆனா என் நெலம பாத்தியா? டாக்டர் இன்னும் ஒரு மாசம் நெருப்பு கிட்டயும் மெஷின் கிட்டயும் போகாதேன்றாரு. அதுக்கப்புறம் அடுத்த கண்ணு. ஆவணிக் கடைசில வாயேன்."

"வேற யாராவது செய்வாங்களா பாய்?"

"செய்றேன்னு சொல்லுவான். செஞ்சப்புறம் எங்கிட்டதான் வருவ."

லாரி நிறுவனத்தாரிடமும் கேட்டுப் பார்த்தார். பெட்டியின் வெளிப்புறம் நன்றாக இருந்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் அவரே என்பதை அவர்கள் பணிவாக நினைவூட்டினார்கள். பெட்டி உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

அன்றிரவு சக்திவேலிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் உடைந்த வில்லையை எடுத்துப் பார்த்து, வருந்தி, திருப்பி வைத்தார்.

"ஆவணின்னா கஷ்டம் மதினி. கும்பகோணத்துல இருந்து லாரி கெளம்பியாச்சு. ஆடி முடியட்டும், மறுபடியும் காலி பண்ணித் தாரேன். சத்தியமா."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் அதை நம்பினார். ஆனால், ஆடிக்குப்பின் ஆவணி முகூர்த்தச் சரக்கு வரும், அதன்பின் தீபாவளி, அதன்பின் தைப்பொங்கல் பானைகள். அந்தக் கடையில் சரக்கு வராத மாதம் ஒன்று உண்டு என்று சந்திரிகா கண்டதில்லை. ஜானு மட்டும் தயங்கித் தயங்கி, "காய் அழுகி வந்திருக்குன்னா, இது வேண்டாம்னு தெய்வமே சொல்லுதோ என்னமோக்கா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"நீங்க அந்தத் திசையன்விளை அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று நான் கேட்டேன்.

"என்னன்னு சொல்லட்டும்மா? நானும் அதத்தான வச்சிருப்பேன்?"

இரண்டு நாள் கழித்து, அவர் என் வீட்டில் இருந்தபோதே தங்கபுஷ்பம் அழைத்தார். குரல் எனக்கும் கேட்டது.

"எல்லாம் நல்லபடியா வந்துச்சா தாயி?"

"நல்லபடியா வந்துச்சும்மா."

"தேங்கா?"

"வந்துச்சும்மா."

"நம்ம தோட்டத்துக் காய் கேட்டியா. நானே நின்னு பறிக்கச் சொன்னேன். உடச்சியளா? தண்ணி இனிச்சுதா?"

சந்திரிகா சன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தார்.

"இனிச்சுதும்மா."

"மொதப் படம் எனக்கு அனுப்பணும். அவுக போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டி வைப்பேன்."

"அனுப்புதேன்மா."

கைப்பேசியை வைத்துவிட்டு அவர் கைகழுவும் தொட்டியருகே போய் நின்றார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு முன்னறைக்குச் சென்று, சமையலறைக் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. என்னால் இயன்றது அவ்வளவுதான்.

பித்தளை அண்டாக்கள் வந்து இறங்கின. அவற்றுள் பெரியவை மாடியறைக்குள் நுழையவில்லை. கதவு முழுதும் திறவாமல் தொட்டிச் சுவரில் இடித்தது. தச்சர் வந்து கீல்களைத் தளர்த்திக் கதவையே கழற்றி எடுத்தார். என்லார்ஜரின் தண்டும் பலகையும் பரணுக்குப் போயின.

ஆடிக் கூட்டம் தொடங்கியதும், கட்டி அனுப்பும் பின்கட்டில் மேசை போதவில்லை. இரண்டு டிரம்களின்மேல் அந்தக் கதவைப் படுக்கவைத்து, மேலே கோணியை விரித்தார்கள். சட்டி ஒன்று வாங்க நான் போயிருந்தபோது, சந்திரிகா அதன்மேல் சீர்க்குடங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டு மஞ்சளும் இட்டுக்கொண்டிருந்தார். கோணியின் ஓரத்தில் பித்தளைத் தாழ்ப்பாள் துருத்திக்கொண்டிருந்தது. அவர் நகரும்போதெல்லாம் முந்தானை அதில் மாட்டிற்று. ஒவ்வொரு முறையும் அவர் நின்று, நூல் இழுபடாமல் விடுவித்துக்கொண்டார்.

"மதினி! எங்க இருக்கீங்க?" முன்கடையிலிருந்து சக்திவேல் கூப்பிட்டார்.

"இங்கதான் இருக்கேன்" என்றார் சந்திரிகா.